ஓலையில் எந்தப் பேரை எழுத

யாகேலுக்கு,

நீ கோபப்பட்டாலும் இந்தக் கடிதத்தில் உன்னை அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். போன வாரம் நீ போனில் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "அம்மா, ஓலையில ஜெயந்தின்னு மட்டும் எழுதிக் குடு. அந்தப் பேரு வேணாம். அது என் பேரே இல்ல. எனக்குன்னு சொல்லி உனக்குத்தான் வெச்சிக்கிட்ட." சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஊசி போடப் போயிருப்பாய். நான் மஞ்சக்குப்பத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பெரியவருக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். காகிதத்தைக் கிழித்துப்போட்டு வேறொன்று எடுத்தேன்.

வரும் ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு தொடங்கி மூன்று வாரம், நம் சபையிலும் மாப்பிள்ளையின் சிதம்பரம் சபையிலும் உங்கள் கல்யாண ஓலை வாசிக்கப்படும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆயர் கேட்பார். அதற்கான சீட்டில் உன் பெயரை எழுதி உன் பெரியப்பா குணசீலனிடம் கொடுக்க வேண்டும். சபைச் செயலாளர் இன்னமும் அவர்தான். அவர் தன் கையால் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் அது ஆயரிடம் போகும். உன் பெயரை அவர் எழுத்துக்கூட்டி எழுதுவதை நான் எதிரில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து வருடமாக எனக்கு இருக்கும் ஆசை இது. நல்ல ஆசை இல்லை என்று எனக்கே தெரியும். உன்னிடம் அதை மறைக்க மாட்டேன்.

உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். மனு எழுதிப் பழகிய கை. பாதியிலிருந்து ஆரம்பித்தால் ஆபீசில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நீ நர்சிங் படிக்கும்போது ஒரு லீவுக்கு வந்தாய். கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு தாள் இருந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் அவரவர் பெயருக்கு அர்த்தம் பார்த்தீர்களாம். "எஸ்தருக்கு நட்சத்திரமாம், ரூத்துக்குத் தோழியாம். எனக்கு என்னா தெரியுமா? ஆடு." தாளை என் மடியில் போட்டாய். மொழி எபிரேயம், பொருள் மலையாடு, அந்த நாட்டில் இன்றைக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஆசையாக வைக்கிற பெயர் என்று அதில் போட்டிருந்தது. நான் சிரித்தேன். "கட்டிப்போட்டு அறுக்குற ஆடு இல்லடி. பாறமேல ஏறுற ஆடு. கீழ நிக்கிறவனால புடிக்க முடியாது" என்றேன். "நல்லா சமாளிக்கற" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய். அன்றைக்கே மிச்சத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

நீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நான் காடாம்புலியூர் பக்கத்தில் ஒரு தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில். நாக்கு ஒட்டிக்கொண்டது. தோப்புக்காரன் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கேட்டேன். பக்கத்தில் பானை இருந்தது, மேலே சொம்பும் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மாட்டுத்தொட்டியைக் கையால் காட்டினான். "அதுல இருக்குது, மோந்து குடி." நான் குடித்தேன். மானத்தைப் பார்த்து வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் குடித்தேன். நீ உள்ளே உதைத்துக்கொண்டிருந்தாய்.

அந்த மாதமே சபையில் மாதர் கூட்டம். வேதத்தில் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார்கள், எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்த பெண் யார் என்று ஆயரம்மா கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே கதையைச் சொன்னார். இரும்பு ரதங்களை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஒரு சனத்தைக் கொடுமைப்படுத்திய படையின் தலைவன், தோற்றுப்போய்த் தனியாக ஓடி வருகிறான். ஒரு பெண்ணின் கூடாரத்தில் நுழைந்து தண்ணீர் கேட்கிறான். அவள் பால் கொடுக்கிறாள், போர்வை போர்த்துகிறாள். அவன் தூங்கியதும் கூடார முளையை அவன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கிவிடுகிறாள். கூடாரம் அடிப்பது அந்த ஊரில் பெண்களின் வேலையாம். அதனால் கை தவறவில்லை. பெயர் யாகேல். மற்ற பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அந்தத் தோப்பில் குடித்த தண்ணீர் அப்போதுதான் தொண்டைக்குக் கீழே இறங்கியது.

உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பழைய ஆயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பொம்பளப் புள்ளைக்கு இது வேணாம்மா. எஸ்தர்னு வையி. ராணியா இருந்தவ." நான் சொன்னேன், "ராணி பேரு வெச்சவங்க நம்ம தெருவுல நெறைய இருக்காங்க ஐயா. ஒருத்தியும் ராணியா இல்ல. கையில சுத்தியல் இருந்தவ பேரு ஒண்ணாவது இருக்கட்டும்." அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். ஜெராக்ஸ் கடையில் இத்தனை வருடமாக எத்தனையோ பெயர் எழுதியிருக்கிறேன். அலை வந்து போன வருடம் நிவாரணத்துக்கு மட்டும் தேவனாம்பட்டினம் தொடங்கி நாள் முழுக்க பெயர்களாகவே எழுதினேன். எஸ்தர் எழுதி எழுதி எனக்குக் கையெழுத்தே அழகாகிவிட்டது. ரூத், சாராள், மிரியாம், ராகேல் எல்லாம் வந்தார்கள். யாகேல் என்று ஒருத்தி வரவில்லை. இந்த ஜில்லாவில் நீ ஒருத்திதான் என்று கர்வமாக இருந்தேன். ஒரே ஒருத்திக்கு இருக்கும் பெயரை வைத்து அவளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஜெயந்தி என்பது உன் அப்பா வைத்தது. நம் தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் கோயில் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. பள்ளியில் இந்து ஆதிதிராவிடர் என்று போட்டால் எஸ்.சி. சலுகை உண்டு. கிறிஸ்தவர் என்று போட்டால் பி.சி. ஆகிவிடும். ஜெபம் பண்ணுகிறவனுக்குச் சாதி கிடையாது என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தோப்புக்காரன் தொட்டியைக் காட்டுவதற்கு முன்னால் நான் எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்று கேட்கவில்லை. ஆயர் சொன்ன அந்த எஸ்தரே அரண்மனைக்குப் போகும்போது தன் சனத்தை வெளியே சொல்லாமல் மறைத்தவள்தான். வீட்டில் அவளுக்கு அத்சாள் என்று வேறு பெயர். அவளை எல்லாரும் மெச்சுகிறார்கள். நாம் அதையே தாலுகா ஆபீசில் செய்தால் மோசடி.

இரண்டாயிரத்து ஏழில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். ஆயர் உன்னை எழுந்து நிற்கச் சொன்னார். சபை முழுக்கக் கை தட்டியது. உன் பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். வாத்தியார், சபைச் செயலாளர், பச்சைப் பேனா வைத்திருப்பவர். அவர் மகன் சாமுவேல் அதே பரீட்சையில் கணக்கில் போய்விட்டான், கோயிலுக்கு வரவில்லை. உனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங் டிகிரிக்கு எஸ்.சி. கோட்டாவில் இடம் கிடைத்தது. உன் அப்பா கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தார். லீவு போட்டுவிட்டு வந்து, டிரங்குப் பெட்டியை பஸ் மேலே ஏற்றி உன்னைக் கொண்டுபோய் விட்டார். பெட்டியில் வெள்ளை பெயிண்ட்டில் ஜெயந்தி என்று எழுதியிருந்தார்.

இனி நான் செய்தது. இதை முழுதாக உன் அப்பாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நீ சேர்ந்த மாதம் பெரியப்பா கடைக்கு வந்தார். சபையில் படிப்புக்கு உதவி கொடுக்கிறார்கள், நம் பிள்ளைக்கு எழுதிப் போடம்மா என்றார். விண்ணப்பப் பாரம் கொடுத்தார். பெயர் என்ற இடத்தில் யாகேல் என்று எழுதினேன். சபைப் பதிவேட்டில் அதுதான். கல்லூரி ரசீதில் வேறு பெயர் இருக்கிறதே, பணம் கொடுக்கிறவர்கள் குழம்பக் கூடாதே என்று அடைப்புக்குறிக்குள் "பள்ளியில் ஜெயந்தி" என்று சேர்த்தேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை கூடவும் எழுதாதே, கேட்டதை மட்டும் எழுது என்று சொல்லிக்கொடுப்பவள் நான். இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு பெயரையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் உன் சாதிச் சான்றிதழ் பற்றி நம்மை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் தினமும் எதிரில் உட்கார்ந்து மனு எழுதுகிற அதே ஆபீஸ். அதிகாரி உன்னைப் பார்த்து, "உன் பேரு என்னாம்மா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் "ஜெயந்தி சார்" என்றேன். அவர் அந்தப் பாரத்தின் நகலைத் திருப்பிக் காட்டினார். கூடவே சபைப் பதிவேட்டின் ஒரு பக்கம். "இது யாரு எழுத்து?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த கிளார்க் சொன்னார், "இவுங்க எழுத்துதான் சார். தெனமும் பாக்கறமே." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டுவதுபோல்தான் சொன்னார். நகலின் ஓரத்தில் ஒரு டிக் இருந்தது. ஜெராக்ஸில் நிறம் தெரியாது. ஆனால் வாலைச் சுழித்து மேலே இழுத்து அப்படி டிக் போடுகிறவர் நம் சபையில் ஒருவர்தான். மொட்டை மனு என்றார்கள். எனக்கு அதில் எழுதியவர் முகமே தெரிந்தது.

சான்றிதழ் ரத்து. இடமும் போயிற்று. கேஸ் போடாமல் விட்டதே பெரிது என்றார்கள். நீயும் நானும் சிதம்பரத்துக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பி எடுத்து வந்தோம்.  பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும், "எஸ்தர்னு வெச்சிருந்தா இது நடந்திருக்காதுல்ல" என்றாய். ஏன் என்று கேட்டேன். "பத்து எஸ்தர் இருக்காங்க. எந்த எஸ்தர்னு கேட்டிருப்பாங்க."  நீ பி.சி.யாக, தனியார் நர்சிங் பள்ளியில், டிப்ளமா நர்ஸ் ஆனாய். அந்த மூன்றரை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பெரியப்பா என்னைப் பார்த்து, "புள்ள எப்படிப் படிக்குது?" என்று கேட்பார். "நல்லா படிக்குது மாமா" என்பேன். வேறொன்றும் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று உனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. காத்திருந்தேன்.

சாமுவேல் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினான். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எஸ்.சி. கோட்டாவில் இளநிலை உதவியாளர் ஆனான். அங்கே அவன் பெயர் சரவணன். பெரியப்பா ஒருநாள் மத்தியானம், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் சாதிச் சான்றிதழை நம் கடையிலேயே நகல் எடுத்திருக்கிறார். ஒரு நகல் மங்கலாக விழுந்திருக்கிறது, அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். சபைப் பதிவேட்டில் சாமுவேல் பெயர் இருக்கும் பக்கத்தை, ஏதோ மனுவுக்கு என்று ஆயரிடம் கேட்டு வாங்குவது எனக்கு ஒரு வேலையே இல்லை. இரண்டையும் சேர்த்து, அவர் உன்மேல் எழுதியது போலவே பெயர் போடாமல் ஒரு மனு எழுதினேன். பழுப்புக் கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டினேன். நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

அதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தபோதுதான் தானே என்று பெயர் வைத்த புயல் வந்தது. கோயில் கூரை பறந்தது. காடாம்புலியூர் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டன என்றார்கள். நான் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். யாராவது செத்தார்களா என்று பார்க்கப் போகவில்லை. அந்தத் தோப்பு விழுந்ததா என்று பார்க்கப் போனேன். விழுந்திருந்தது. ஒரு மரம்கூட நிற்கவில்லை. நின்று நன்றாகப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் என்னோடு சின்ன வயதில் கொட்டை பொறுக்கியவள் உட்கார்ந்திருந்தாள். "இனிமே இருவது வருஷத்துக்கு நமக்குக் கூலி இல்லடி. அவனுக்கென்ன, பையன் ஆஸ்திரேலியாவுல" என்றாள். அவளிடம் என் சந்தோஷத்தைச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் சாமுவேலின் ஓலையை வாசித்தார்கள். கூரை இல்லாமல், ஷாமியானா பந்தலில். "யாருக்காவது தடை உண்டா?" என்று ஆயர் கேட்டார். நான் பழுப்புக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். மொத்தப் பந்தலும் திரும்பியது. உன் பெரியப்பா காணிக்கைப் பையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னம்மா?" என்றார் ஆயர். புது ஆயர், ஒன்றும் தெரியாது. "ஒண்ணுமில்ல ஐயா. காலு மரத்துப்போச்சு" என்று உட்கார்ந்தேன். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் நின்றேன். "இன்னிக்கும் காலாம்மா?" "ஆமாங்க ஐயா. நாலஞ்சு வருஷமாவே மரத்துத்தான் கெடக்குது." அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். உன் அப்பா வீட்டுக்கு வந்து, "போதும்டி, வுட்டுடு" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது அதுதான்.

திங்கட்கிழமை பெரியப்பா கடைக்கு வந்தார். எனக்கு எதிரில் நாலு பேர் மனுவுக்குக் காத்திருந்தார்கள். "ஏம்மா, என்னாதான் வேணும் உனக்கு? சபையில மானத்த வாங்கற." நான் ஸ்டூலைக் காட்டினேன். "ஒக்காருங்க மாமா. மனுன்னா அதுலதான் ஒக்காரணும்." "நான் மனு எழுத வரல." "நீங்கதான் எழுதப் போறீங்க. நான் சொல்றேன், எழுதுங்க." வெள்ளைத்தாளையும் என் பேனாவையும் கொடுத்தேன். அவர் பாக்கெட்டிலிருந்த பச்சைப் பேனாவை எடுக்கக் கூடாது என்றேன். ரேஷன் கார்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா, "சாரு வாத்தியாரு மாதிரி இருக்காரே, அவருக்கே டிக்டேஷனா?" என்றாள். "எழுத்து அழகா இருக்கும்மா. தப்புதான் ஜாஸ்தி" என்றேன்.

"இரண்டாயிரத்து ஏழாம் வருடம் என் தம்பி மகள் மீது பெயர் இல்லாமல் மனு அனுப்பியது நான்தான்." இதுதான் நான் சொன்ன முதல் வரி. தம்பி மகள் என்ற இடத்தில் நின்றார். "பேரு போடுங்க மாமா." "ஜெயந்தின்னு போடட்டா?" "நீங்க அந்த மனுவுல என்னா பேரு போட்டீங்களோ அதையே போடுங்க." போட்டார். "காரணம்னு போட்டு அதுக்குக் கீழ எழுதுங்க." "காரணம் என்னான்னு நீயே சொல்லு." "அது எனக்குத் தெரியாது மாமா. உங்களுக்குத்தான் தெரியும்." சபையின் பரிசுத்தம், சத்தியம், பொய் சாட்சி என்று ஏதாவது எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைக்கத் தயாராக இருந்தேன். பேனாவைத் தாளில் வைத்தார், எடுத்தார். வியர்வை தாளில் சொட்டியது. கடைசியில் ஒரே வரி எழுதினார். "அன்று சபையில் அந்தப் பெண்ணுக்குக் கை தட்டினார்கள்." கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "அந்தக் கவரக் குடுத்துடும்மா." "மூணாவது ஞாயிறு பாக்கலாம் மாமா." அவர் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போனார். நான் அடுத்த ஆளுக்கு மனு எழுதினேன். 

மூன்றாம் ஞாயிறு காலை, கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் சாமுவேல் எனக்காகக் காத்திருந்தான். "சித்தி, அனுப்பறதுன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே அனுப்பிடுங்க. வேலைல இருக்கான்னு நம்பித்தான் அந்தப் பொண்ண குடுக்கறாங்க. அப்புறமா தெரிஞ்சா அவளுக்குத்தான் கஷ்டம்." அவனே தொடர்ந்தான். "எனக்கும் தெனமும் ஆபீசுல தபால் பிரிக்கிறப்பெல்லாம் என் பேருல ஏதாவது வந்திருக்குதான்னுதான் மொதல்ல பாக்கறேன். எங்கப்பா செஞ்சது ரிசல்ட்டு வந்த வருஷமே எனக்குத் தெரியும் சித்தி. சொல்ல தைரியமில்ல." செருப்பைக் கழற்றினான். "யாகேல் எப்படி இருக்குது?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் உன்னைக் கோயில் பெயர் சொல்லி விசாரித்தவன் அவன் ஒருவன்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

அன்றைக்கும் எழுந்து நின்றேன். "தடை ஒண்ணும் இல்ல ஐயா. தடைன்னு ஒண்ணு சொல்லணும்னா என்னா சொல்லணும்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளையோட அப்பாவுக்கும் தெரியும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆயர் அடுத்த கீர்த்தனையின் எண்ணைச் சொன்னார். மறுநாள் கவரைக் கடையிலேயே கிழித்தேன். இதை மன்னிப்பு என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். அந்த மனு போய்ச் சேர்வது உன்னைக் கூப்பிட்டு விசாரித்த அதே மாதிரி ஒரு மேஜைக்கு. நம் தெருவிலிருந்து ஒரு பிள்ளையை அவர் அந்த மேஜைக்குத் தூக்கிக் கொடுத்தார். இரண்டாவது பிள்ளையை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? நம்மை நாமே மாட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். அவ்வளவுதான் காரணம். பெரியப்பாமேல் எனக்கு இப்போதும் அதே கோபம் இருக்கிறது. ஒரு துளிகூடக் குறையவில்லை.

அந்த மூன்று ஞாயிறுகளைப் பற்றி யாரோ சொல்லித்தான் நீ கேள்விப்பட்டாய். அதனால்தான் அந்தப் பெயர் வேண்டாம் என்கிறாய். யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது உண்மை. தண்ணீர் கேட்டு அவமானப்பட்டது நான். பதிலுக்கு அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நான். என் கையில் சுத்தியல் இல்லை என்று, பிறக்காத பிள்ளையின் கையில் வைத்தேன். நீ அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய், கல்லூரிக்குப் போனாய், விசாரணைக்கு வந்தாய். அடி விழுந்தது உனக்கு. பிள்ளை பெற்றால் ஒன்றை மட்டும் செய்யாதே. உனக்கு முடியாமல் போனதை அதன் பெயராக வைக்காதே. எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றே ஒன்று வை, எல்லாத் தாளிலும் அதையே எழுது. இழப்பு வந்தால் வரட்டும். என்னைப்போல் அடைப்புக்குறிக்குள் ஒரு பிள்ளையை வளர்க்காதே. மாப்பிள்ளையிடமும் எல்லாவற்றையும் ஓலை வாசிப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. சாமுவேலுக்கு இருந்த அந்த நேர்மை எனக்கு இல்லை. உனக்கு இருக்கட்டும்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று உன் பெரியப்பா எழுதிக் கொடுத்தது. நகல் எடுக்கவில்லை, சத்தியமாக. கல்யாணத்தன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்து உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். அந்த நேரத்தில் இது உன் கைப்பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் எனக்குப் போதும். கிழித்துப் போடுவதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். எனக்குச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று ஓலைச் சீட்டு. மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன், பெண்ணின் பெயர் மட்டும் எழுதவில்லை. உன் கையால் எழுதி அனுப்பு. ஜெயந்தி என்று எழுதினாலும் மடிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் அப்படி எழுதினால் யாகேல் என்ற பெயரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கு வேண்டும். உனக்குத் தெரியும், எனக்கும் இரண்டு பெயர் உண்டு, இரண்டும் என்னைக் கேட்காமல் வைத்தவை. நாற்பத்து நாலு வயதில் ஒன்றை நானே எடுத்துக்கொள்கிறேன். மோசடி என்று பிடுங்குவதற்கு என்னிடம் கல்லூரி இடமும் இல்லை, அரசு வேலையும் இல்லை.

அந்தப் பெயரில் செய்வதற்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் கிறிஸ்தவள், ஆதிதிராவிடர், இரண்டும் ஒரே ஆள்தான், ஒரே சான்றிதழில் இரண்டையும் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு மனு தயாராகிவிட்டது. நிராகரிப்பார்கள். மறுபடி எழுதுவேன். ஆபீஸ் கடைக்கு எதிரிலேயே இருக்கிறது, தாளுக்கும் பஞ்சமில்லை. பெறுநர் எழுதியாகிவிட்டது, பொருள் எழுதியாகிவிட்டது. அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று, உன் சீட்டு வருவதற்காகக் காத்திருக்கிறேன்.

அம்மா